‘வணக்கம்’ என்ற சொல்லின் நீளம் 5-ஆ, 7-ஆ, 22-ஆ?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டிரிங்கின் (எழுத்துகளின் தொடர்) நீளத்தைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை சி மொழியில் எழுத வேண்டும், நீளம் சொல்ல ஏற்கெனவே இருக்கும் ஸ்டிர்லென் ஃபங்ஷனைத் தொடக்கூடாது. இதுதான் உங்கள் லேப் பயிற்சி. நீங்கள் லூப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலச் சொல் எதைக் கொடுத்தாலும் விடை ஒன்று கூடுதலாக வருகிறது. விளையாட்டாகத் தமிழில் ‘வணக்கம்’ என்று தட்டினால் 22 என்கிறது. பக்கத்தில் இருந்த நண்பர் பைத்தானில் லென் போட்டுப் பார்த்தால் 7. விரல் விட்டு எண்ணினால் 5. இதில் எது சரி?

5 சரி. 7-உம் சரி. 22 தப்பு, ஆனால் 21 வந்திருந்தால் அதுவும் சரிதான். நீளம் என்று மொட்டையாகக் கேட்டால் கம்ப்யூட்டரிடம் பதில் கிடையாது. எதை எண்ண வேண்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் சி புரோகிராம் பைட்டுகளை (0 முதல் 255 வரை ஓர் எண் பிடிக்கும் நினைவக அறைகள்) எண்ணுகிறது, பைத்தான் யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டுத் தரம்) குறிகளை எண்ணுகிறது, உங்கள் விரல் தமிழ் எழுத்துகளை எண்ணுகிறது. பாடப்புத்தகங்களில் வரும் எடுத்துக்காட்டு எல்லாம் ஆங்கிலம் என்பதால் மூன்றும் ஒரே எண்ணாக வந்து, இப்படி ஒரு வேறுபாடு இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. அந்த வகையில் தமிழில் தட்டிப் பார்த்தது நல்ல காரியம்.

முதலில் அந்த ஒன்று கூடுதலாக வரும் விஷயத்தை முடித்துவிடுவோம். நிஜமான பிழை அது மட்டும்தான். தட்டிய வரியை நீங்கள் எஃப்கெட்ஸ் என்ற ஃபங்ஷன் கொண்டு வாசிக்கிறீர்கள். அது நீங்கள் தட்டிய எழுத்துகளோடு, கடைசியில் அழுத்திய என்டரையும் ஒரு குறியாக ஸ்டிரிங்குக்குள் போட்டுவிடும். அந்தக் குறியின் எண் 10. திரையில் தெரியாது, எண்ணிக்கையில் மட்டும் வரும். சந்தேகமாக இருந்தால், ஸ்டிரிங்கை அச்சிடும்போது இரண்டு பக்கமும் சதுர அடைப்புக்குறி போட்டுப் பாருங்கள். மூடும் அடைப்பு அடுத்த வரியில் போய் விழும்.

இதைச் சரிசெய்யப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு விடையில் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடைசிக் குறி 10-தானா என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் அந்த இடத்தில் 0 வைத்துவிட்டு ஒன்றைக் குறையுங்கள். ஏனென்றால், தட்டிய வரி உங்கள் அரேயைவிட (ஸ்டிரிங்கை வைக்க ஒதுக்கிய இடம்) நீளமாக இருந்தால் அந்த என்டர் உள்ளே வந்திருக்காது. ஃபைலின் கடைசி வரியிலும் பல சமயம் இருக்காது. அங்கெல்லாம் ஒன்றைக் கழித்தால் உண்மையான எழுத்து ஒன்று காணாமல் போகும். இன்னொன்று, விண்டோஸில் எழுதிய ஃபைலை லினக்ஸில் வாசித்தால் வரியின் முடிவில் 13, 10 என்று இரண்டு குறிகள் வரும். அப்போது இதே ‘வணக்கம்’ 23 ஆகிவிடும். பைத்தானிலும் இந்தத் தொல்லை உண்டு. இன்புட் ஃபங்ஷன் என்டரை நீக்கித் தருவதால்தான் உங்கள் நண்பருக்கு 7 வந்தது. ஃபைலிலிருந்து வரி வரியாக வாசித்திருந்தால் அவருக்கும் 8 வந்திருக்கும்.

எஃப்கெட்ஸுக்குப் பதில் ஸ்கேன்எஃப் போட்டால் இந்தச் சிக்கல் வராதே என்று கேட்கலாம். வராது, ஆனால் அது முதல் இடைவெளியிலேயே நின்றுவிடும். ‘வணக்கம் ஐயா’ என்று தட்டினால் ஐயா வெளியிலேயே நிற்பார். பழைய புத்தகங்களில் இருக்கும் கெட்ஸ் பக்கம் போகவே வேண்டாம். வாங்கும் அரே எவ்வளவு பெரியது என்று கேட்காமலே எழுதித் தள்ளும் ஃபங்ஷன் அது. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த இந்த கெட்ஸ் ஓட்டை வழியாகவும்தான் நுழைந்தது. அங்கே இருந்த அரே 512 பைட். புழு அதைவிட நீளமான ஸ்டிரிங்கை அனுப்பியது. 2011-ல் வந்த சி தரத்தில் கெட்ஸை எடுத்தே விட்டார்கள்.

சரி, சி மொழி நீளத்தை எப்படிக் காண்கிறது? மெட்ராஸ் என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினால் எம், ஏ, டி, ஆர், ஏ, எஸ் என்று 6 எழுத்து. நினைவகத்தில் அது இப்படி உட்கார்ந்திருக்கும்:

77 65 68 82 65 83 0

கடைசியில் இருக்கும் 0-தான் ‘நல்’ கேரக்டர். சி-யில் நீளம் எங்கேயும் எழுதி வைக்கப்படுவதில்லை. 0 வரும்வரை நடந்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். உங்கள் லூப்பும் ஸ்டிர்லென்னும் செய்வது ஒன்றே:

நீளம் = 0
சொல்[நீளம்] 0 ஆகாத வரை:
    நீளம் = நீளம் + 1

0-ஐ எண்ணக்கூடாது, ஆனால் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அதனால் மெட்ராஸுக்கு நீளம் 6, தேவைப்படும் இடம் 7 பைட். சரியாக 6 பைட் அரே அறிவித்து அதில் மெட்ராஸை வைத்தால் சி கம்பைலர் ஏற்றுக்கொள்ளும் (சி++ ஏற்காது), 0-ஐ மட்டும் கீழே போட்டுவிடும். அப்புறம் லூப் எங்கே நிற்கும்? நினைவகத்தில் அடுத்ததாக எங்கே தற்செயலாக ஒரு 0 கிடைக்கிறதோ அங்கே. ஒரு நாள் 6 வரும், ஒரு நாள் 14 வரும், இன்னொரு நாள் புரோகிராம் விழுந்துவிடும்.

சைஸ்ஆஃப் போட்டு நீளம் காணலாமா என்பது இதோடு சேர்ந்து வரும் கேள்வி. கூடாது. அது ஒதுக்கிய இடத்தைச் சொல்லும். 100 இடம் கொண்ட அரேயில் மெட்ராஸ் இருந்தால் 100 என்று சொல்லும். அதே அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ளே சைஸ்ஆஃப் கேட்டால் 8 என்று சொல்லும், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்தது பாயின்டர், அதாவது அரே இருக்கும் இடத்தின் முகவரி, மட்டும். 64 பிட் கணினியில் பாயின்டரின் அளவு 8 பைட். வைவாவில் இது ரொம்பப் பிடித்தமான கேள்வி.

நீளத்தை எழுதி வைக்காமல் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்கும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சி-க்குப் பாட்டி முறையான பிசிபிஎல் மொழியில் ஸ்டிரிங்கின் முதல் பைட்டிலேயே நீளம் இருந்தது. கென் தாம்சன் பெல் லேப்ஸில் பி மொழியை உருவாக்கியபோது அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டு, முடிவுக்கு ஒரு தனிக் குறியை வைத்தார். டென்னிஸ் ரிட்சி அதை சி-க்குக் கொண்டுவந்தார். ஒரு பைட்டில் நீளத்தை வைத்தால் 255-க்கு மேல் போக முடியாது; எண்ணிக்கையைத் தூக்கிச் சுமப்பதைவிட முடிவுக்குறி வசதியாக இருந்தது. இந்த இரண்டையும் காரணமாக ரிட்சியே பின்னால் எழுதியிருக்கிறார். டர்போ பாஸ்கல் நீளத்தை முதல் பைட்டில் வைக்கும் வழியில் போனது, 255 என்ற வரம்போடு காலம் தள்ளியது. பைத்தானும் ஜாவாவும் நீளத்தைக் கூடவே வைத்திருக்கின்றன, வரம்பும் பெரியது. அதனால் அங்கே நீளம் கேட்பது செலவே இல்லாத வேலை.

சி-யில் அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடக்க வேண்டும். நீங்கள் லூப்பின் நிபந்தனைக்குள் ஸ்டிர்லென்னை வைத்தால், ஒரு லட்சம் எழுத்துள்ள ஸ்டிரிங்குக்கு ஒரு லட்சம் தடவை ஒரு லட்சம் அடி நடக்க நேரிடலாம். கம்பைலர் சில சமயம் காப்பாற்றும், எப்போதும் இல்லை. இது ஏட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டு, தொடங்குவதற்கே பல நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. 2021-ல் வெளி ஆள் ஒருவர் பிரித்துப் பார்த்தார். 10 மெகாபைட் அளவுள்ள ஒரே ஸ்டிரிங்கிலிருந்து துண்டு துண்டாக வாசிக்க எஸ்ஸ்கேன்எஃப் பயன்படுத்தியிருந்தார்கள். அது ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே ஸ்டிர்லென்னைக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் மெகாபைட்டுகள் முழுவதையும் எண்ணிக்கொண்டிருந்தது. இதையும் இன்னொரு கோளாறையும் சரிசெய்ததும் அவருடைய கணினியில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் திருத்தத்தை ஏற்று அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. நீளத்தை ஒரு தடவை கண்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது இதற்குத்தான்.

இனி 21. கணினியில் தமிழ் இப்போது பெரும்பாலும் யூனிகோட்டில், யூடிஎஃப்-8 என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. தமிழுக்கு ஒதுக்கியது 2944 முதல் 3071 வரை, 128 இடங்கள். வ என்பது 2997. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால் 2997-ஐ உடைத்து வைக்க வேண்டும். யூடிஎஃப்-8 அதை 224, 174, 181 என்று மூன்று பைட்டாக உடைக்கிறது. திரும்பச் சேர்க்கும் கணக்கு எளிது: முதல் பைட்டில் 224-ஐக் கழித்து 4096-ஆல் பெருக்குங்கள், இரண்டாவதில் 128-ஐக் கழித்து 64-ஆல் பெருக்குங்கள், மூன்றாவதில் 128-ஐக் கழியுங்கள், மூன்றையும் கூட்டுங்கள். இங்கே 0 + 46 × 64 + 53 = 2997. எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் 224-தான். இரண்டாவது 174 அல்லது 175. ‘வணக்கம்’ என்பதில் 7 குறிகள், குறிக்கு 3 பைட், ஆக 21.

யூடிஎஃப்-8 பிறந்தது 1992 செப்டம்பரில். நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டு மேசையில் போட்டிருந்த காகித விரிப்பில் அதை வரைந்தவர் அதே கென் தாம்சன். கூட இருந்தவர் ராப் பைக். பல பைட் கொண்ட எந்த எழுத்திலும் 0 என்ற பைட் வரவே கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் ஆங்கிலத்துக்கு மட்டும் என்று எழுதிய பழைய ஸ்டிர்லென்னும், உங்கள் லூப்பும், தமிழைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே கடைசிவரை ஒழுங்காக நடந்து 21 என்று சொல்கின்றன. யூடிஎஃப்-16 என்ற இன்னொரு வடிவில் ஆங்கில எழுத்துக்கு இரண்டு பைட், அதில் ஒன்று 0; நம் சாதாரணக் கணினிகளில் அப்படி உள்ள ஆங்கிலச் சொல்லை ஸ்டிர்லென்னிடம் கொடுத்தால் முதல் எழுத்தை அடுத்து வரும் 0-இலேயே நின்று 1 என்று சொல்லிவிடும்.

21 சரியான விடை என்றேன். யாருக்கு? இடம் ஒதுக்குபவருக்கு. நீங்கள் 5 எழுத்துதானே என்று 20 பைட் அரே வைத்து எஃப்கெட்ஸில் ‘வணக்கம்’ வாங்கிப் பாருங்கள். அது முற்றுக்குறிக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு 19 பைட் வாசிக்கும். 18 பைட்டில் ஆறு குறிகள் முழுதாக வந்துவிடும்; 19-ஆவது பைட் புள்ளியின் முதல் துண்டு. திரையில் ‘வணக்கம’ என்றும் பக்கத்தில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ தெரியும். பல தளங்களில் தமிழ்த் தலைப்பின் முனையில் இப்படி ஒரு விகாரமான குறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் யாரோ பைட் கணக்கில் வெட்டியிருப்பார்கள்.

டேட்டாபேஸிலும் இதே கதை. ஆரக்கிளில் வார்கேர்2 வகையில் 20 என்று அறிவித்தால், அமைப்பை மாற்றாத வரை அது 20 பைட். ‘வணக்கம்’ ஒரு பைட்டால் வெளியே போய்விடும். மைஎஸ்க்யூஎல்லில் வார்கேர் 20 என்றால் 20 குறிகள், தாராளமாக இடம் இருக்கும். ஆனால் அதே மைஎஸ்க்யூஎல்லில் லெங்த் ஃபங்ஷன் பைட்டைத்தான் எண்ணும், குறி எண்ணிக்கை வேண்டுமானால் கேர்_லெங்த் கேட்க வேண்டும். ஆரக்கிளின் லெங்த் குறிகளை எண்ணும், பைட்டுக்கு லெங்த்பி. ஒரே பெயர், எதிரெதிர் வேலை. பெயரை நம்பாதீர்கள், புது இடத்துக்குப் போனால் முதல் வேலையாக ‘வணக்கம்’ கொடுத்து 5, 7, 21-இல் எது வருகிறது என்று பாருங்கள். ஒரே நொடியில் அந்த ஊர் வழக்கம் தெரிந்துவிடும். கோ, ரஸ்ட் இரண்டும் 21 சொல்லும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 7. பிஎச்பியில் ஸ்டிர்லென் 21, எம்பி_ஸ்டிர்லென் 7. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மட்டும் நேராக 5 என்கிறது.

ஜாவாவும் பைத்தானும் தமிழுக்கு ஒரே விடை சொன்னாலும் இரண்டும் எண்ணுவது ஒன்றையே அல்ல. ஜாவா எண்ணுவது யூடிஎஃப்-16 துண்டுகளை. 65,535-க்கு மேல் எண் கொண்ட குறிகள் அங்கே இரண்டு துண்டாக விழும். ஈமோஜிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. கட்டைவிரல் உயர்த்தும் ஈமோஜிக்குப் பைத்தான் 1 சொல்லும், ஜாவா 2 சொல்லும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று வரும் குடும்ப ஈமோஜிக்குப் பைத்தானே 7 சொல்லும். நாலு பேர், அவர்களை ஒட்டவைக்கும் கண்ணுக்குத் தெரியாத மூன்று இணைப்புகள்.

இப்போது 7. இங்கேதான் தமிழ் படித்தவர்களுக்குக் கோபம் வருகிறது. ‘வணக்கம்’ என்பதை யூனிகோட் எப்படிப் பார்க்கிறது என்று எண்களோடு தருகிறேன். பைத்தானில் ஆர்ட் என்ற ஃபங்ஷன் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

வ 2997, ண 2979, க 2965, புள்ளி 3021, க 2965, ம 2990, புள்ளி 3021.

நம் இலக்கணத்தில் க் என்பது மெய், அதோடு அ சேர்ந்தால் க. யூனிகோட்டில் தலைகீழ்: க என்பது அடிப்படை, அதன் மேல் புள்ளி என்ற தனிக் குறியை வைத்தால் க். கி, கு, கெ எல்லாம் இப்படியே, அடிப்படை எழுத்தோடு ஒரு துணைக்குறி. 1991-ல் யூனிகோட் தமிழைச் சேர்த்தபோது, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது; அது எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அச்சாகப் போடப்பட்டது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் நீளம் எண்ணுவது, அகரவரிசைப்படுத்துவது எல்லாம் எளிதாகியிருக்கும் என்று பலர் வாதாடினார்கள். அப்படி அமைந்த டேஸ்-16 குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்கவும் செய்தது. வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஃபோன், பிரவுசர், டேட்டாபேஸ் எல்லாம் யூனிகோட்டில் ஊறிவிட்டன. இன்று புரோகிராம் எழுதுகிறவர் அதோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

7 யாருக்குப் பயன்படும்? குறுஞ்செய்தி அனுப்புகிறவருக்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் ஒரு எழுத்து உள்ளே வந்தாலும் செய்தி முழுவதும் குறிக்கு 2 பைட் என்று மாறி, வரம்பு 70 ஆகிவிடும். அந்த 70 நம் எழுத்துக் கணக்கு அல்ல, குறிக் கணக்கு. ‘வணக்கம்’ அதில் 7-ஐத் தின்றுவிடும், ‘திருநெல்வேலி’ 6 எழுத்துதான் என்றாலும் 12-ஐத் தின்றுவிடும். வாடிக்கையாளருக்குத் தமிழில் செய்தி அனுப்பும் மென்பொருளில் 5 என்று எண்ணிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் பில் வேறு மாதிரி வரும்.

அப்புறம் 5, நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து. இதை எண்ணுவது பயமுறுத்துகிற அளவுக்குக் கடினம் இல்லை. குறிகளை வரிசையாகப் பாருங்கள். துணைக்குறியோ புள்ளியோ வந்தால் எண்ணாமல் தாண்டுங்கள், மற்றதை எண்ணுங்கள். தமிழில் அந்தக் குறிகள் 3006-லிருந்து 3021-க்குள் இருக்கின்றன. 3031-இல் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது.

எழுத்து = 0
சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
    குறியின் எண் 3006 முதல் 3021 வரை என்றால் தாண்டு
    குறியின் எண் 3031 என்றால் தாண்டு
    எழுத்து = எழுத்து + 1

சி-யில் செய்வதானால் முதலில் பைட்டுகளைக் குறிகளாகச் சேர்க்க வேண்டும்; மேலே சொன்ன 4096, 64 கணக்கு அதற்குத்தான். குறிகளின் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் இன்னும் சுலபம்: 128 முதல் 191 வரை உள்ள பைட்டுகள் தொடர்ச்சித் துண்டுகள், அவற்றை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் 7 வரும். ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள். நம் சாதாரணக் கணினிகளில் சி-யின் கேர் வகை எதிர்மறை எண்ணையும் ஏற்கும். 224 என்ற பைட் –32 என்றும், 174 என்பது –82 என்றும் தெரியும். 128-க்கு மேலா என்று கேட்டால் எல்லாமே இல்லை என்று சொல்லிவிடும். அன்சைன்ட் கேர் என்று மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். அன்சைன்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஸ்டிர்லென் தருவதும் அன்சைன்ட் எண். இரண்டு நீளங்களைக் கழித்து 0-க்கு மேலா என்று கேட்டால், இரண்டும் சமமாக இல்லாத வரை விடை எப்போதும் ஆம்தான். கழிக்காமல் நேராக ஒப்பிடுங்கள்.

பைத்தானில் கணக்கே வேண்டாம், யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் ஒவ்வொரு குறியின் வகையையும் சொல்லும். வகையின் பெயர் எம் என்ற எழுத்தில் தொடங்கினால் அது துணைக்குறி. தமிழுக்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற நூலகமும் இருக்கிறது, எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். புதிய பிரவுசர்களில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் இதே வேலைக்கு Intl என்ற தொகுதியில் செக்மென்டர் வந்துவிட்டது.

ஆனாலும் 5-ஐ எண்ணும்போது சில ஓரக் குழப்பங்கள் வரும். ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் 3018 என்ற ஒரே துணைக்குறியும், அல்லது க, 3014 (கொம்பு), 3006 (கால்) என்று மூன்றாக. திரையில் ஒரே உருவம், பைத்தானுக்கு 2 அல்லது 3. இரண்டையும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். தேடும்போது சொல் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி என்ற யூனிகோட் முறையில் இயல்பாக்கிவிட்டால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், எல்லாம் 2 ஆகிவிடும். இயல்பாக்கியும் தீராத ஒன்று இருக்கிறது. ‘கௌதமன்’ என்ற பெயரைப் பாதிப் பேர் கெ, அடுத்து ள என்ற எழுத்து என்று தட்டுவார்கள்: ‘கெளதமன்’. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. முதல் வடிவம் 4 எழுத்து, இரண்டாவது 5. இதை எந்தத் தரமும் திருத்தாது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை தட்டியவர் ள என்றுதான் சொல்லியிருக்கிறார்.

‘க்ஷ’ ஒரு எழுத்தா, இரண்டா? ‘ஸ்ரீ’? மேலே கொடுத்த லூப் இரண்டையும் 2 என்று எண்ணும், யூனிகோட்டின் பொது விதியும் தமிழுக்கு அப்படித்தான் பிரிக்கிறது. உங்களுக்கு 1 வேண்டுமென்றால் அந்த இரண்டுக்கும் தனியாக நிபந்தனை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 2 போதும்.

எழுத்தை எண்ணத் தெரிந்தால்தான் உங்கள் அடுத்த லேப் பயிற்சியும் ஓடும்: ஸ்டிரிங்கைத் திருப்புவது, பாலிண்ட்ரோம் பார்ப்பது. ‘விகடகவி’ முன்னும் பின்னும் ஒன்றே என்பது நமக்குப் பள்ளியிலேயே தெரியும். பைத்தானில் குறி குறியாகத் திருப்பினால் கடைசி வி-யின் துணைக்குறி முதலில் வந்து, தாங்க எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தோடு நிற்கும்; விடை ‘பாலிண்ட்ரோம் இல்லை’ என்று வரும். சி-யில் பைட் பைட்டாகத் திருப்பினால் தமிழே இருக்காது, வெறும் குப்பை. முதலில் எழுத்துகளாகப் பிரித்து ஒரு பட்டியலில் வைத்து, பட்டியலைத் திருப்புங்கள். வி, க, ட, க, வி என்று ஐந்து உறுப்பு. அப்போது சரியாக வரும்.

ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கான லூப், 10-ஐ நீக்கும் நிபந்தனை, அதற்குக் கீழே ‘இது பைட்டுகளின் எண்ணிக்கை’ என்று ஒரு வரி. பயிற்சி கேட்பது அவ்வளவுதான். மாதிரி வெளியீட்டில் ‘வணக்கம்’ 21 என்று ஒன்றையும் சேர்த்தால், கேட்பவருக்கு விளக்க உங்களிடம் விஷயம் இருக்கிறது.

ஆர்வம் இருந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஒற்றெழுத்துகளை (மெய்யும் ஆய்தமும்) நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வர வேண்டும். அதைச் சரிபார்க்கும் புரோகிராமுக்கு வேண்டியது 5, 7, 21 மூன்றும் இல்லாத நான்காவது ஒரு நீளம். மேலே உள்ள லூப்பில் சிறு மாற்றம் போதும்: 3021 வந்தால் வெறுமனே தாண்டாமல், ஏற்கெனவே எண்ணியதில் ஒன்றைக் குறையுங்கள், ஆய்தமான 2947 வந்தால் எண்ணாதீர்கள். இடைவெளியையும் எண்ணக்கூடாது, அது 32. ‘வணக்கம்’ கொடுத்தால் 3 வர வேண்டும்.